மணப்பெண்ணின் அப்பாவும் பன்னிரண்டு முகப் பெட்டியும்

பன்னிரண்டாவது முகம் பதினோராவது முகத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டியின் ஒரு பக்கம் வாயைப் பிளந்தபடி நின்றது. மெர்வின் ட்ரெகோவன் அதை மேசையில் வைத்து, வம்புக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூடலையா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி நோலீன்.

"மூடும்," என்றார்.

வாலரூ என்ற ஊரின் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் மெர்வின். இளைய மகள் ஜசிந்தாவுக்குக் கல்யாணம். விருந்துக்கு வருகிறவர்களுக்குச் சர்க்கரை பூசிய பாதாம் போட்ட சின்னப் பெட்டி ஒன்று கொடுக்க வேண்டும். "கடைப் பெட்டி வேண்டாம்பா. உன் கையால செஞ்சது வேணும்," என்று அவள் கேட்டிருந்தாள். சாதாரணச் சதுரப் பெட்டி தன் மகளுக்கு ஆகாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். பன்னிரண்டு ஐங்கோணங்கள் சேர்ந்து பந்துபோல் மூடிக்கொள்ளும் பெட்டி. அதை விரித்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு படத்தை அட்டையில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்ட வேண்டும்.

படத்தைக் கையால் வரைகிற ஆள் இல்லை அவர். வேலையில் இருந்த காலம் முழுக்க வினாத்தாளை லேடெக் என்ற கணினி மொழியில் அடித்தவர். கட்டளையை எழுத்தில் எழுதிக் கொடுத்தால் கணினியே கோடு போட்டு அச்சுக்கோத்துத் தந்துவிடும். ஒரு கட்டளை சரியாக இருந்தால் எல்லாப் பெட்டியும் சரியாக இருக்கும் என்பது அவர் கொள்கை. கட்டளை தப்பானால் என்ன ஆகும் என்பது பற்றிக் கொள்கை எதுவும் வைத்திருக்கவில்லை.

கடைசி ஐங்கோணத்தைத் தவறான ஓரத்தோடு சேர்த்திருந்தார். எண்ணை மாற்றினார். வாய் மூடியது. ஆனால் பசை தடவி ஒட்ட ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய காது எதிலும் இல்லை. வெளி ஓரம் எல்லாவற்றுக்கும் காது வை என்று ஒரே வரியில் எழுதினார். கணினி சொன்ன பேச்சைக் கேட்டது. ஒட்ட வேண்டிய இரண்டு ஓரத்திலும் காது முளைத்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பெட்டி முட்டைக்கோஸ் மாதிரி உப்பியது.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு காதை வெட்டினார். பெட்டி கச்சிதமாக மூடியது. நோலீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் இன்னும் பசை தடவாத மேல்முகத்தைத் தூக்கி உள்ளே பாதாம் போட்டுப் பார்த்தாள்.

"மூணுதான் பிடிக்குது, மெர்வ். அஞ்சு போடணும். அதுதானே வழக்கம்."

"பெருசாக்கறது ஒரு எண்ணை மாத்தற வேலை."

மாற்றினார். படம் தாளைத் தாண்டி ஓடியது. மூன்று முகங்கள் அச்சில் வரவே இல்லை. படத்தை இரண்டாகப் பிரித்து, ஆறு ஆறு முகமாக இரண்டு பூக்கள் ஆக்கினார். ஒரு பெட்டிக்கு இரண்டு தாள், இரட்டிப்பு வெட்டு, இரட்டிப்புப் பசை.

அன்று மாலை தேநீருக்கு வந்த மாப்பிள்ளை மிட்ச், மாமனாரின் விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்து இரக்கப்பட்டான். "கடையில வெள்ளை டப்பா கிடைக்குது, மெர்வ். மடிச்சே தர்றாங்க."

"வேண்டாம்," என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில். ஜசிந்தா பார்த்த பார்வையில் மிட்ச் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு லேமிங்டன் கேக்கை எடுத்துக்கொண்டான். மெர்வினுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அப்பா, மேல எங்க ரெண்டு பேர் பேரும் வந்தா நல்லா இருக்கும்ல? தங்க நிறத்துல?"

"வரும்."

வந்தது, ஆனால் பெட்டிக்குள்ளே வந்தது. மடிப்புக் கோடு வெளியே தெரியக் கூடாது என்று அச்சுப் பக்கம் உள்ளே போகும்படிதான் முழுப் படத்தையும் அமைத்திருந்தார். கோட்டை மங்கலாக்கி, மொத்தத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பினார். பெயரும் சேர்ந்து திரும்பிக்கொண்டது.

"ஆம்புலன்ஸ் நெத்தியில எழுதின மாதிரி இருக்கு," என்றாள் நோலீன். "முன்னாடி போற கார்க்காரன்தான் கண்ணாடியில பாத்துப் படிக்கணும்."

"நீ சிரிக்கிறியா?"

"நானா? தும்மல் வருது."

பெயரை மட்டும் தனியே நேராக்கினார். கீழ்ப்பாதியை வீட்டில் அச்சிட்டு முடித்தபோது மை தீர்ந்தது. மேல்பாதியை நூலகத்தில் அச்சிட்டார். அங்கிருந்த இயந்திரம் படத்தைத் தாளுக்கு அடக்கமாகக் கொஞ்சம் சுருக்கிவிட்டது. வீட்டில் ஒட்டிப் பார்த்தபோது மூடிகள் எல்லாம் பெட்டிக்குள் தொபுக்கென்று விழுந்தன. மெர்வின் அவற்றை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அட்டையை எடுத்துக்கொண்டு திரும்ப நூலகத்துக்கு நடந்தார். தோற்றுப்போகிற எண்ணமே அவருக்கு இல்லை. மகள் கேட்டிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசிப் பெட்டியிலும் பாதாம் போட்டு ஒட்டி வைத்தார். ஜசிந்தா வந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குப்பா. எங்க மேசைக்கு மட்டும் இருபது முகம் வெச்சுச் செய்ய முடியுமா?"

மெர்வின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இப்பவா?"

"முடியாதுன்னா விடுப்பா."

"யார் முடியாதுன்னு சொன்னது?"

மகள் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். நோலீன் சமையலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

மறுநாள் கால்பந்து கிளப் கூடத்தில் மேசைக்கு மேசை அவருடைய பெட்டிகள் பொன்னெழுத்தோடு நின்றன. மணமக்கள் மேசையில் இருபது முகம். ஆட்கள் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், காதருகே வைத்துக் குலுக்கினார்கள்.

"பிரமாதம், மெர்வ்," என்றார் மிட்சின் அப்பா. "இதை எப்படித் திறக்கறது?"

மெர்வின் அதை வாங்கி ஓரத்தை இழுத்துப் பார்த்தார். மூடுவதற்கு இத்தனை பாடுபட்டவர், திறப்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அவர் ஒட்டிய காதுகள் அசையவே இல்லை. கடைசியில் ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியால் எல்லோரும் பெட்டிகளைக் குத்தினார்கள். கூடம் முழுக்கப் பாதாம் உருண்டது. சின்னவர்களும் பெரியவர்களுமாகத் துரத்திப் பிடித்துத் தின்றார்கள். ஜசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று என்று மெர்வினுக்குத் தோன்றியது.

சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு வார்த்தை சொல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது? பெட்டி வேலையில் பேச்சுக்கென்று ஒரு வரிகூட எழுதி வைக்க நேரம் கிடைக்கவில்லைதான். அதனால் என்ன, வாய் இருக்கிறது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து, மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த மிட்சின் சித்தி ரெய்லீனிடம் போனார்.

"மணப்பெண்ணோட அப்பா பேச வேண்டாமா? என்னை எப்பக் கூப்பிடப் போறீங்க?"

ரெய்லீன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பேசற அளவுக்கு இன்னும் தெம்பா இருக்கீங்களா? பெரியவ கல்யாணத்துல நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஐஸ்கிரீம் கேக் பூரா உருகிப்போச்சு, இந்தத் தடவை பேச எந்திரிக்கவே முடியாதபடி பெட்டி வேலை குடுத்துக்கிட்டே இருக்கப் போறோம்னு அம்மாவும் பொண்ணும் நிச்சயத்தன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்களே!"