நெஸ்தாவின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டு

எம்லினுக்கு இந்த உலகத்தில் இருந்த சந்தோஷமே வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். அதுவும் திருட்டுச் சந்தோஷம்.

வேல்ஸின் மேற்குக் கடற்கரையில், மழை நின்றால் வானத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று ஜனங்கள் கவலைப்படுகிற ஊர் அது. அந்த வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதுச் சத்திரங்களைத் திறக்கக் கூடாது. சட்டம். ஊரில் இருந்த ஒரே சத்திரமான 'கறுப்பு ஆடு' அன்றைக்கு முன்கதவைச் சாத்திவிடும். ஜெபக்கூடம் விட்டதும் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சந்து வழியே போய்ப் பின்கதவைச் சுரண்டுவார்கள். சத்திரக்காரர் பீப்பாய் க்விலிம் திறந்துவிடுவார். வீட்டில் எம்லினின் மனைவி நெஸ்தா ஆட்டுத் தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது.

"ஆட்டைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எம்லின் கிளம்புவான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை.

போன இடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? புகை வெளியே தெரியுமென்று க்விலிம் கணப்பு மூட்ட மாட்டார். வாசனை காட்டிக்கொடுக்குமென்று அடுப்பும் பற்ற வைக்க மாட்டார். காடியில் ஊறிய முட்டை மட்டும் உண்டு. திரை போட்ட இருட்டில் எல்லாரும் கறுப்புக் கோட்டோடு, சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி, வாய் திறக்காமல் குடித்துவிட்டு எழுந்து வருவார்கள்.

ஏழு வருஷத்துக்கு ஒரு முறை வட்டாரத்தில் ஓட்டு வைப்பார்கள். திறக்கலாமா, கூடாதா? போன தடவை மயிரிழையில் போச்சு. இந்தத் தடவை எம்லின் சபதமே எடுத்துவிட்டான். "கணப்புப் பக்கம் காலை நீட்டிக்கிட்டு, சூடா ஒரு தட்டு ஆட்டுக்கறியோட, மனுஷனா ஒரு டம்ளர் குடிச்சுட்டுத்தான் சாவேன்!"

குறுக்கே நின்றது நெஸ்தாவின் ஓட்டு. ஜெபக்கூடத்தில் முதல் பெஞ்சு அவளுடையது. அவள் திறக்கச் சொல்வாளா? மாட்டாள். ஆகவே ஓட்டு நாளன்று முதுகுவலி என்று படுத்து அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, சாயங்காலம் 'தேவலை' என்று எழுந்து தான் மட்டும் போய்ப் போட்டுவிட்டு வருவதென்று திட்டம்.

"ஐயோ, நெஸ்தா, முதுகு!"

"எந்த முதுகு?"

"எனக்கென்ன பத்து முதுகா இருக்கு? பக்கத்துலயே இரும்மா. எங்கயும் போயிடாத."

"குப்புறப் படுங்க."

வாத்துக் கொழுப்பைச் சுடச்சுட உருக்கிக் கழுத்திலிருந்து இடுப்புவரை பூசினாள்.

"இவ்வளவு கொழுப்பா?" என்று முனகினான்.

"உங்க அளவுக்கு இல்ல. ராத்திரி வரைக்கும் அசையக் கூடாது." கம்பளித் துணியால் இறுக்கிக் கட்டினாள். அவனுடைய இரண்டு கால்சட்டைகளையும் தண்ணீரில் ஊறப் போட்டாள். பிறகு தொப்பியை மாட்டினாள்.

"எங்கடி கிளம்பற?"

"பள்ளிக்கூடத்துக்கு. ஓட்டுப் போட."

"நான் இங்க சாகக் கிடக்கேன்!"

"அரை மணியில வந்துடுவேன். அதுவரைக்கும் சாகாதீங்க."

எம்லின் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். தன் ஓட்டும் போச்சு. அவள் ஓட்டு எதிரிக்குப் போச்சு. இன்னும் ஏழு வருஷம் முட்டை! நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. மனுஷன் நிஜமாகவே அழுதான்.

ஆனால் ஜெயித்தது திறக்கச் சொன்ன கட்சி! வீட்டில் சிரிக்க முடியுமா? ஆட்டுப்பட்டிக்குப் போய் நாலு ஆடு மிரள ஒரு கூச்சல் போட்டுவிட்டு வந்தான்.

முதல் ஞாயிறு. நெஸ்தா ஜெபத்தின் பாதியிலேயே எழுந்து போனதைக்கூட அவன் கவனிக்கவில்லை. கோட்டை உதறிக்கொண்டு, தலை நிமிர்ந்து சத்திரத்து முன்வாசல் வழியாக நுழைந்தான். கணப்பு எரிந்தது. கறி வெந்துகொண்டிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்தான்.

"க்விலிம் அண்ணே, பெரிய டம்ளர்!"

டம்ளர் வந்தது. கொண்டுவந்த கை தெரிந்த கை.

"நெஸ்தா! நீ இங்க என்ன பண்ற?"

"சமைக்கிறேன். தெறந்தா ஞாயித்துக்கிழமை அடுப்பு உன்னோடதுன்னு க்விலிம் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரே."

"அப்ப உன் ஓட்டு?"

"தெறக்கணும்னுதான். எங்க பெஞ்சு மொத்தமும் அப்படித்தான். முதுகுவலிக்காரரோட ஓட்டு தேவைப்படல."

எம்லின் குரலைத் தாழ்த்தினான். "பின்கதவு விஷயம்..."

"பன்னெண்டு வருஷமா தெரியும். ஆட்டைப் பாத்துட்டு வர்ற ஆளு மேல காடி வாசனை அடிக்குமா?"

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"அந்த ரெண்டு மணி நேரம் எனக்கும் நிம்மதியா இருந்துச்சு."

அவனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷக் குடித்தனம்! பேச்சை மாற்றினான்.

"சரி, ஒரு தட்டு கறி கொண்டா."

"எல்லா மேசைக்கும் முன்னாடியே ஆளுங்க சொல்லி வெச்சிருக்காங்க. எந்திரிங்க, இதுக்கும் இப்ப வந்துடுவாங்க."

"அப்ப வீட்டுல யாரு சமைக்கிறது?"

நெஸ்தா அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட வந்துடுவா. உருளைக்கிழங்கு வாளியில இருக்கு, தோலை மெல்லிசா சீவுங்க."