ஃபிரேம் போடாத தலை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டியவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சாய்ந்தபடி எழுதுவது. நான் நலம், தாங்களும் வீட்டாரும் நலமென நம்புகிறேன். தலையில் கட்டுப் போட்டவன் நலமென்று எழுதுகிறானே என்று சிரிப்பதானால், முழுவதும் படித்துவிட்டுச் சிரிக்கவும்.

என் மூளையின் ஆழத்தில் பட்டாணி அளவில் ஒரு நிழல் இருப்பதும், அது சாதுவா பொல்லாததா என்று துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதும் தாங்கள் அறிந்ததே. எடுக்க இரண்டு வழியாம். ஒன்று, தலையைச் சுற்றி உலோக வளையத்தை ஸ்குரூவால் முடுக்கி, அதிலுள்ள அளவைப் பார்த்து ஊசியை இறக்குவது, அதுதான் ஃபிரேம். மற்றது, நெற்றியில் பொத்தான் போல ஸ்டிக்கர்கள் ஒட்டி ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் வழிகாட்ட இறக்குவது. டாக்டரம்மா, "ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். சின்னதா, ஆழத்துல இருந்தா ஃபிரேம் கொஞ்சம் கைகொடுக்கும்" என்றார். முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் வழிகாட்டும் கம்ப்யூட்டரை விடுவேனா? அதையே கேட்டு வாங்கினேன். பக்கத்துப் படுக்கைத் தையல்காரருக்கு ஃபிரேம். பழைய மனிதர், பழைய முறை.

முகம் கழுவும்போது ஒரு ஸ்டிக்கர் கழன்று விழ, எதற்கு நர்ஸைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே ஒட்டிக்கொள்ள, "யாரு ஒட்டினா இதை? குத்துமதிப்பா ஒட்ட இது தபால்தலையா சார்? ஊசி வழிமாறிப் போயிடும்!" என்று அந்தப் பெண் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்த, மறுபடி ஸ்கேன், அதற்குள் என் முறை தையல்காரருக்குப் போய்விட்டது. அவர் தலையைச் சுற்றி நாலு பிளாஸ்திரியோடு திரும்பி வந்து, "முழிச்சிருக்கும்போதே எடுத்தாங்க சார், மயிரிழை பிசகல" என்று அளந்தார். விடுவேனா? "ஸ்குரூ போட இது தலையா, கதவா?" என்றேன். வார்டு இரண்டு கட்சியானது. தங்கள் அக்காதான், "மண்டையில ஓட்டை போட்டதுக்கா இவ்வளவு பெருமை? பேசாம படுங்க" என்று அடக்கினாள். மறுநாள் எனக்கும் சுகமாக முடிந்தது. திரையில் ஊசி போன பாதையைப் படமாக வாங்கி வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன், நேற்று தையல்காரரைப் பார்க்க வந்தவர்களுக்கும் காட்டினேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் தலைக்கு ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரம்மா வந்தார். எடுத்த சதையில் நல்லதும் தெரியவில்லையாம், கெட்டதும் தெரியவில்லையாம். ஊசி நிழலுக்குப் பக்கத்தில் போய்விட்டதாம். மறுபடி எடுக்க வேண்டும், இந்தத் தடவை ஃபிரேம். தையல்காரருக்கு மாத்திரையிலேயே சரியாகிற சமாச்சாரம் என்று வந்துவிட்டது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மரத்துப்போக ஊசி போட்டுத்தான் முடுக்குவாங்க சார், அழுத்தம் மட்டும் தெரியும். யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருங்க" என்றார். இரண்டு முறையையும் ஒப்பிட்டுச் சொல்லத் தகுதியுள்ள தலை இந்த வார்டிலேயே இனி என்னுடையது ஒன்றுதான். பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. உன் அக்காவிடம் பேசினால் அழுதுவிடுவேன். நீ வா.