வானம் இல்லாத படம்

"ஏன் தள்ளினீங்கன்னு எழுதிக் குடுங்க சார்."

நடுவரிடம் காரணம் மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே பொன்செல்விக்குச் சொல்லியிருந்தார்கள். வலியசாலையில் இருந்த அந்தச் சின்னக் கலைச் சபையில் அவள் டைப்பிஸ்ட். எதிரே உட்கார்ந்திருந்த கல்யாணராமன் சபையின் செயலாளர். ஓவியப் போட்டிக்கு ஒரே நடுவரும் அவர்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல படம்னா பார்த்த உடனே தெரிஞ்சுடும். காரணமெல்லாம் அப்புறம்."

"அந்த அப்புறத்தச் சொல்லுங்க."

மேசையில் கிடந்தது அவளுடைய அம்மா சுடலைமாடத்தி வரைந்த படம். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். தாள் முழுக்க மெழுகுக் கலரில் பச்சை. நடுவே இரண்டு கைகள். ஒரு மணிக்கட்டில் ரத்தம் குடித்துப் பருத்த அட்டை.

பரிசு பெறும் மூன்று படங்களும் சாயங்காலம் கூடத்துச் சுவரில் பெயரோடு தொங்கும். அம்மாவின் பெயர் இதுவரை எஸ்டேட் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் ஏறியதில்லை.

"இதுல வானமே இல்லையே கொழந்தே."

"கொழுந்து கிள்ளுறப்ப வானத்த யாரு சார் பாக்கா?"

"பாக்க வரவா பாப்பாளோல்லியோ? மூணாம் பரிசு இன்னும் முடிவாகலை. ஒரு வானத்தைப் போட்டுக் கொண்டுவா."

ஒரு வானம்தானே என்று பொன்செல்வி நினைத்தாள். சபையின் போஸ்டர் கலரை எடுத்து மேல் பாதியை நீலமாக்கினாள். மணிக்கட்டு அட்டை மட்டும் நீலத்தின் நடுவே கறுப்பாகத் துருத்தியது.

"பேஷ்! அந்தக் காக்கா பிரமாதம்."

"அது அட்டை சார்."

"பறக்கறதே? சரி, சூரியன் எங்கே?"

சூரியன் வந்தது.

"அந்தரத்துல நிக்கறது பார். ரெண்டு பக்கமும் மலை வேணும்."

மலைகள் அம்மாவின் கைகள் மேல் ஏறி உட்கார்ந்தன. மெழுகின் மேல் கலர் நிற்காமல் வழுக்கியது. மூன்று தடவை பூச வேண்டியிருந்தது.

"கீழே ஓர் ஆறு. ஓரமா ஒரு தென்னை."

"போனக்காட்டுல தென்னை கிடையாது சார்."

"தாள்ல எடம் கெடக்கே."

தென்னையும் நட்டாயிற்று. கல்யாணராமன் படத்தைத் தூக்கி, முதல் பரிசுக்கு அவர் எடுத்து வைத்திருந்த படத்தின் பக்கத்தில் பிடித்தார். முகம் சுருங்கியது.

"என்ன இது? முதல் பரிசை அப்படியே காப்பி அடிச்சிருக்கே! காப்பி கலையாகாது. எடுத்துண்டு போ."

பொன்செல்வி மற்ற படங்களைப் பார்த்தாள். நாற்பது தாள். நாற்பதிலும் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை.

கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய்ப் படத்தைத் தண்ணீரில் காட்டினாள். முதலில் சூரியன் சாக்கடையில் இறங்கியது. பின்னால் மலைகள். தென்னை கொஞ்சம் அடம்பிடித்தது, விரலால் தேய்த்தாள்.

சபையின் பியூன் மைதீன் பதறினார். "பிள்ளே, நல்ல படத்த ஏன் நாசமாக்குதே?"

"நாசமாக்கினது அப்ப அண்ணாச்சி. இப்பக் கழுவுதேன்."

பச்சை அப்படியே இருந்தது. கைகள் இருந்தன. அட்டையும் கடித்த இடத்தைவிட்டு நகரவில்லை. முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அலுவலகச் சாவியைக் கல்யாணராமனின் மேசைமேல் வைத்தாள்.

"என்னது இது?"

"நாளையிலேர்ந்து வரமாட்டேன் சார்."

"திடீர்னு சொன்னா எப்படி? காரணம் எழுதிக் குடு."

"பார்த்த உடனே தெரிஞ்சுடும் சார். காரணமெல்லாம் அப்புறம்."

ஊருக்குப் போகும் வித்துரா பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

உள்ளே மைதீன் முதல் பரிசுப் படத்தைப் புரட்டிப் பின்பக்கம் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாரே, இதுல பேரு ஒண்ணும் காணலியே... எல்லாரும் பாத்து வரையட்டும்னு போன மாசம் நீங்களே வரைஞ்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினியளே, அந்தப் படமில்லா இது?"