நட்டே தீருவார்

மனிதர்களில் 'நட்டே தீருவார்' என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலி இடம் எதைக் கண்டாலும் இவருக்குக் கை அரிக்கும்; அந்த இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கும் வழக்கம் மட்டும் கிடையாது. வெள்ளைச் சட்டை, முட்டிவரை ஏறிய புது ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் கன்று, மறு கையில் மண்வெட்டி, முகத்தில் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்தவருக்கே வாய்க்கும் அடக்கம். குனிவார், நடுவார், நிமிர்வார். "சரியா விழுந்துச்சா? கண்ணை மூடிட்டேன்னு நினைக்கிறேன்," என்று அதே கன்றைப் பிடுங்கி மறுபடியும் நடுவார்.

இவருக்கு மரத்தின் மேல் அன்பு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். உயிரையே விடுவார். ஆனால் ஏற்கனவே நிற்கும் மரத்தை வைத்துக்கொண்டு மனிதன் என்னதான் செய்வது? அதன் அடியில் தன் பெயர்ப் பலகையை வைக்க முடியுமா? வைத்தால் மரம்தான் சிரிக்காதா?

இந்த இனத்துக்கு அலையாத்திக் காட்டைப் போலச் சங்கடம் தருவது வேறொன்றில்லை. கடலும் ஆறும் கலக்கும் சேற்றில் வேரைக் காற்றுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் இந்த மரங்கள் யாருடைய உதவியையும் கேட்பதில்லை. சிலவற்றின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, பென்சில் போல நீண்டு, நேரம் வந்ததும் சேற்றில் விழுந்து குத்திட்டு நின்றுவிடுகிறது. மேடை இல்லை, மைக் இல்லை, வரவேற்புரை இல்லை. காற்றிலிருந்து இழுத்த கார்பனில் பெரும்பங்கை உதிர்ந்த இலையும் செத்த வேருமாகக் காலடிச் சேற்றில் புதைத்துவிடுகிறது காடு. காற்றுப் புகாத சேறு. எதுவும் எளிதில் மக்காது. பல தலைமுறைக்கு அப்படியே கிடக்கும். கிளறினால் மட்டும் மறுபடி காற்றுக்கே கிளம்பிவிடும். ஆக, நாம் இந்தக் காட்டுக்குச் செய்யக்கூடிய பேருதவி கிளறாமல் இருப்பது. கிளறாமல் இருப்பதை எந்தக் கோணத்திலிருந்து படம் எடுப்பது? இங்கேதான் நம் ஆள் உடைந்துபோகிறார்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த நட்டே தீருவார் ஒரு பெரிய நிறுவனத்தில் பொதுநலப் பிரிவின் மேலாளர். காட்டோரத்து மீனவக் குடியிருப்பில் பெண் எடுத்தவர். ஆகவே அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லும் நாக்கு அங்கே யாருக்கும் வாய்க்கவில்லை. அவருடைய மாமியாரோ காட்டுக் காவல் குழுவின் தலைவி. கிளையை ஒடித்தது சொந்தத் தம்பியானாலும் நடுத்தெருவில் நிறுத்தி மானத்தை வாங்குகிறவர். குழு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முறை வைத்துக் காவல் போவார்கள். அலை காட்டுக்குள் வந்து திரும்பும் ஒரே வாய்க்காலில் சேறு அடைத்தால் இறங்கி வாருவார்கள். வாய்க்கால் திறந்திருந்தால் காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அடைபட்டால் தண்ணீர் தேங்கி, வேர் மூச்சுமுட்டி, காடு நின்ற நிலையில் சாகும். சங்கதி அவ்வளவுதான்.

போன வருடம் மாப்பிள்ளை வாய்க்காலுக்கு அப்பால் இருந்த வெறும் சேற்றுத் திட்டில் கன்று நட்டார். பெண்கள் மட்டிச் சிப்பி பொறுக்கும் திட்டு அது. மரமே முளைக்காத இடத்தை, மரத்துக்காக ஏங்கும் இடம் என்று அவர் புரிந்துகொண்டார். பெரிய அலை ஒன்று வந்து கன்றுகளை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் பைகளை மட்டும் திருப்பிக் கொடுத்தது. 'கடல் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை' என்று மேலிடத்துக்கு எழுதினார்.

இந்த வருடம் நிறுவனத்தின் இயக்குநரே வருகிறார். இயக்குநரின் காலணியில் சேறு படக்கூடாது. எனவே மாப்பிள்ளை படகுக் கொட்டகையில் குழுவைக் கூட்டித் தன் யோசனையை விளக்கினார்: வாய்க்காலை மண் கொட்டி நிரப்பிப் பாதை போடுவது, பாதை வழியே போய்த் திட்டில் கன்று நடுவது. காடு வளர்க்கப் போகிற வழியில் காட்டின் கழுத்தை நெரிக்கும் திட்டத்தை இவ்வளவு கனிவாக யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஒரே நாளுக்குத்தான் அத்தை. நிகழ்ச்சி முடிஞ்சதும் மண்ணை எடுத்துடலாம்."

"எடுத்துடலாம் மாப்பிள்ளை. யாரு எடுப்பா?"

"ஆளுங்க இருக்காங்களே."

கொட்டகையில் இருந்த ஆளுங்க எல்லோரும் கூரையை ஆராய்ந்தார்கள்.

"டீ ஆறுது, குடிங்க," என்று சொல்லிவிட்டு மாமியார் மகளை ஓரமாக இழுத்தார். "ஏண்டி, நீயாவது வேணாம்னு சொல்லக்கூடாதா? உன் புருஷன்தானே?"

"நான் சொல்லாததா? வீட்ல நடாதீங்கன்னு ஒரு தடவை சொன்னேன். இப்ப பால்கனியில துணி காயப்போட இடமில்லை. எல்லாம் தொட்டி."

மாமியார் திரும்பி வந்தார். மறுத்துப் பேச முடியாத இடத்தில் பாராட்டிப் பேசலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. கன்னு நடறதை இப்ப யாரு வேணா பண்றாங்க. அக்கரையில சிமெண்ட் கம்பெனிக்காரங்க நட்டாச்சு. சோப்பு கம்பெனிக்காரங்க நட்டாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககூட நட்டுட்டுப் போயிட்டாங்க."

மாப்பிள்ளையின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"யாருமே பண்ணாதது ஒண்ணு இருக்கு. உங்களை மாதிரி ஒருத்தர் வருவாருன்னுதான் விட்டு வச்சிருக்கோம்."

"என்ன அத்தை அது?"

"ஒண்ணும் பண்ணாம விடறது. இந்தச் சேத்துக்குள்ள இருக்கறதை யாரும் கிளறக்கூடாதுன்னு ஒரு பெரிய மனுஷர் வந்து தொடங்கி வைக்கணும். ஆனா படகுலதான் வரணும். மண்ணைக் கொட்டிப் பாதை போட்டா, நாமளே கிளறின மாதிரி ஆயிடும் பாருங்க."

மாப்பிள்ளை கண்களை மூடி யோசித்தார். "தலையிடாத் திட்டம்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நாக்குக்குப் பிடித்திருந்தது. "உலகத்துலேயே முதல் தடவையா அத்தை?"

"உலகத்தைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நம்ம வாய்க்கால்ல முதல் தடவை."

அப்படியாக, ஒன்றும் செய்யாமல் இருப்பதன் தொடக்க விழா தடபுடலாக நடந்தது. இரண்டு படகுகளுக்கு நடுவே ரிப்பன் கட்டி, இயக்குநர் மூன்றாவது படகில் நின்று வெட்டினார். காட்டின் அமைதியைக் காப்பது பற்றி மாப்பிள்ளை ஒலிபெருக்கியில் பேசிய பேச்சில் கொக்குகள் அனைத்தும் அடுத்த கரைக்குக் குடிபெயர்ந்தன. வாய்க்கால் தப்பியது. கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன்.

எல்லோரும் கரையேறி டீ குடிக்கும்போது மாப்பிள்ளையைக் காணவில்லை. தேடினால், வாய்க்காலின் வாயில், அலை உள்ளே நுழையும் இடத்தில், சரியாக நடுமத்தியில் குனிந்துகொண்டிருந்தார். பைக்குள் ஒளித்து எடுத்து வந்த கன்று.

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தை. மனசு கேக்கல."

ஒன்றே போதும். அதைச் சுற்றிச் சேறு படியும், படிந்த சேற்றில் அடுத்தது முளைக்கும், மண் கொட்டாமலே வாய்க்கால் தூர்ந்துபோகும். மாமியார் ஒரு கணம்தான் பார்த்தார்.

"அழகா இருக்கு மாப்பிள்ளை," என்றார்.

மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு விருந்தினர் படகு வளைவில் மறைந்ததும், அந்தக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட யாரையும் ஒடிக்க விடாத அம்மாள் வாய்க்காலில் இறங்கி, கன்றை வேரோடு பிடுங்கிக் கரையில் எறிந்தார். பிறகு கை கழுவினார்.

அடுத்த வாரமே தொலைபேசி வந்தது. "அத்தை, என் கன்னு எப்படி இருக்கு? ஒரு படம் அனுப்புங்களேன்."

காட்டில் கன்றுக்கா பஞ்சம்? தானாக விழுந்து தானாக நின்ற ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த மாதம் கண்ணில் பட்ட வேறொன்றை அனுப்பினார். அது முழங்கால் உயரம். அதற்கடுத்தது இடுப்பைத் தொட்டது.

"என்னத்தை போட்டீங்க அத்தை, இப்படி வளருது?"

"ஒண்ணும் போடல மாப்பிள்ளை. எல்லாம் உங்க கைராசி."

அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி மாப்பிள்ளை இப்போது கூட்டம் கூட்டமாகக் காட்டி வருகிறார். கைதட்டுகிறார்கள். மூன்று படங்களிலும் ஏன் மூன்று வேறு மரங்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் மனைவி ஒருவர்தான். அவர் பால்கனியில் இன்னொரு தொட்டி வராத நிம்மதியில் இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் கைபேசியிலும் அப்படி ஒரு படம் இருக்குமே, எப்போதோ எங்கேயோ கையில் மண்ணோடு ஒரு கன்றின் பக்கத்தில் நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது? அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனீர்களா? இல்லை, அன்பான யாரோ ஒருவர், "நல்லா வளருது, கவலைப்படாதீங்க," என்று அவ்வப்போது படம் அனுப்புகிறாரா? எடுத்துப் பாருங்கள். கன்றைப் பார்க்க வேண்டாம். பின்னால் தெரியும் கரை, ஒவ்வொரு படத்திலும் அதே பக்கம்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.