ஒலிம்பிக் படகின் முழு எடை

ஒலிம்பிக் பிறந்தது கிரேக்க நாட்டில். அதன் மானம் காப்பாற்றப்பட்டது சாத்தாங்காடு இரும்புச் சந்தையில்.

காப்பாற்றியவர் தவசிமுத்து அண்ணாச்சி. முப்பது வருடமாக இரும்புத் தகடு வியாபாரம். அவருடைய எடைமேடையில் ஏறிய லாரிக்கு ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சீட்டு எழுதியதே கிடையாது. சொந்த மாமனார் கேட்டும் தப்பான சீட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை; அதனால் பத்து வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் வடகடல் பாய்மரக் கழகத்தில் உறுப்பினரானார். கழகம் திருவொற்றியூரில், இரண்டாவது மாடியில், கடல் காற்று எட்டிப் பார்க்க முடியாத ஏசி அறையில் இயங்குகிறது. அண்ணாச்சியையும் சேர்த்து உறுப்பினர்கள் ஐந்து பேர். படகில் ஏறியவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் உலகின் எந்த மூலையிலோ யாரோ, “பாய்மரப் போட்டி பணக்காரர் பொழுதுபோக்கு, அது இன்னும் ஒலிம்பிக்கில் எதற்கு?” என்று கேட்டுவிட்ட செய்தியைப் படித்ததும் ஐவரும் கொதித்துப்போய் ‘அவசரக் கூட்டம்’ போட்டார்கள்.

“நம்ம விளையாட்டு ஏழைகளுக்கும் சொந்தம்னு நிரூபிக்கணும்,” என்றார் செயலாளர் ஜெயவேல். “அதுக்கு உடனடியா ஒரு ஏழை வேணும்.”

ஏழை ஏற்கெனவே வாசலில் உட்கார்ந்திருந்தாள். பெயர் மாயா. எண்ணூர்க் குப்பத்துப் பெண், பத்தொன்பது வயது, நாற்பத்தாறு கிலோ. அப்பாவின் படகில் தார்ப்பாயைக் கட்டிக் காற்றைப் பழக்கியவள். ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் மும்பைத் தேர்வுப் போட்டிக்குக் கழகத்தின் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பதினோராவது முறையாக வந்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் அடுத்த வாய்ப்பு நான்கு வருடம் கழித்துத்தான்.

“கடிதம் தரலாம்மா,” என்றார் ஜெயவேல். “ஆனா விதி எட்டு என்ன சொல்லுது? சொந்தப் படகு இருக்கணும்.”

“எங்க நைனா படகு கீதே சார்.”

“அதுல மீன் வாசனை வருது. ஒலிம்பிக் படகு வேணும். எட்டு லட்சம் ஆகும்.”

“அதென்ன வெய்ட்டு இருக்கும் சார்?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“ஐம்பத்தொன்பது கிலோ.”

அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. “எட்டு லச்சத்துக்கு அம்பத்தொம்பதா? எவனோ உங்கள நல்லா ஏமாத்திருக்கான் சார்! நான் செஞ்சு தாரேன், முழு எடையில. கப்பலெல்லாம் இரும்புலதான மிதக்கு?”

“இரும்பா?” மாயா எழுந்தே விட்டாள். “அண்ணாச்சி, அத்தத் தள்றதுக்குக் காத்துக்கு இன்னா தலையெழுத்து?”

“பயப்படாதம்மா. ஆறு எம்எம் தகடு. உன் பேரப்பிள்ளையும் ஓட்டலாம்.”

செயலாளர் உணர்ச்சிவசப்பட்டு, காலியாக இருந்த துணைத் தலைவர் பதவிக்கு அண்ணாச்சி பெயர் ‘பரிசீலனையில்’ இருப்பதாக அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணூர் முகத்துவாரத்தில் கிரேன் படகை இறக்கியது. பாய்மரத்தில் எடைச் சீட்டு ஒட்டியிருந்தது: நானூற்று எண்பது கிலோ. மிதந்தது! மாயா தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினாள். பாய் புடைத்தது. தூங்கிய எருமை எழுந்திருக்கிற தினுசில் படகு யோசித்தது, பிறகு நகர்ந்தது. ஒரு வட்டம் அடித்துத் திரும்பியவளுக்கு முகமெல்லாம் பல்.

“போவுது அண்ணாச்சி! முக்கினு மொனகினு போவுது! சார், இப்ப லெட்டர் குடுங்க.”

“ஒரு போட்டோ எடுத்துட்டுக் கையோட தந்துடறேன்,” என்றார் ஜெயவேல். தலைப்பு ‘மக்களின் பாய்மரம்’. மக்களைத் தனியாக நிற்கவிட்டால் படத்துக்குக் கனம் போதாதே! கழகமே படகில் ஏறியது. ஒவ்வொருவராக ஏற ஏற, அண்ணாச்சியின் பழகிய கண் எடை போட்டது. செயலாளர் தொண்ணூற்றிரண்டு. அடுத்தவர் எண்பத்தெட்டு. கடைசியாகத் தன்னுடைய தொண்ணூற்றெட்டையும் ஏற்றியபோது ஐவரின் எடை மட்டும் மொத்தம் நானூற்றைம்பது என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. துணைத் தலைவர் பதவி பரிசீலனையில் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

“எறங்குங்க சார்! ஒர்த்தர் போற படகு சார் இது!” என்று கத்தினாள் மாயா.

“கேமராவைப் பாரும்மா. சிரி.”

சிரித்தார்கள். படகு கீழே போனது, நேராக, மரியாதையாக. நல்லவேளை, முகத்துவாரத்தில் கொட்டிக் கிடந்த அனல்மின் நிலையச் சாம்பல் சேறு ஆழத்தை மார்பளவில் நிறுத்தியிருந்தது. கழகம் உயிர் பிழைத்தது. கொட்டியவர்கள் யாராயினும் அவர்களுக்கு நன்றித் தீர்மானம் அங்கேயே, நின்ற நிலையில், ஈரத்தோடு நிறைவேறியது. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கரையேற்றியவள் மாயா.

மறுநாள் திங்கள். மாயா பன்னிரண்டாவது முறையாக வாசலில் இருந்தாள். உள்ளே ஜெயவேல் அறிக்கை வாசித்தார்:

“பாய்மரப் போட்டி ஒலிம்பிக்குக்கு முற்றிலும் பொருத்தமானது, அனைவருக்கும் சொந்தமானது. ஒருவர் செல்ல வேண்டிய படகில் ஆறு பேர் இருந்ததே விபத்துக்குக் காரணம். அவர்களில் ஐவர் கழகப் பொறுப்பாளர்கள். ஆகவே அதிகப்படியான பாரம் போட்டியாளரே. தவிர, படகு தற்போது சேற்றில் இருப்பதால் விதி எட்டின்படி அவருக்குச் சொந்தப் படகு இல்லை.”

“சார்,” என்றார் அண்ணாச்சி, தொண்டையைக் கனைத்து. “அந்தப் புள்ள நாப்பத்தாறு கிலோதான சார்?”

“கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. துணைத் தலைவர்னு உங்க பேரை டைப்பே அடிச்சாச்சு.”

கதவிடுக்கில் மாயாவின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, லெட்டர்ல கையெழுத்தா போடுறீங்க?”

மாமனார் கேட்டும் போடாத கையெழுத்தை அண்ணாச்சி அன்று போட்டார். அந்தச் சீட்டின்படி மாயாவின் எடை நானூற்றைம்பது கிலோ.