மூச்சை இழுத்து விட்ட வெள்ளிக்கிழமை

பயந்த சுபாவக்காரிக்கு ஊரே வைத்தியர். எலுமிச்சம்பழத்தைக் கைக்குள் வைத்துக்கொள் என்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் புடலங்காய் என்று நினைத்துக்கொள் என்பார்கள். நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். புடலங்காய்கள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருந்தது.

எனக்குப் பேய் பயம் கிடையாது, இருட்டு பயம் கிடையாது. நாலு மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து என்னைப் பார்த்தால்தான் பயம். (தனித்தனியாக வந்தால் சமாளித்துவிடுவேன்.) புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை எனக்கு. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அதிலிருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஒவ்வொருவராகப் பேச வேண்டும். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் ஓட்டை வழியாகவா பார்ப்பார்கள்? முதல் இடத்தில் காபித் தட்டோடு போய், தட்டை மாப்பிள்ளையின் மடியில் இறக்கினேன். இரண்டாவது இடத்தில் பெயர் கேட்டார்கள். பழனியப்பன் என்றேன். அது என் அப்பா பெயர். மூன்றாவது இடத்தில் பெரியவர்களை விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தேன், எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்களாம்.

எங்கள் ஊரான வல்லத்திராக்கோட்டையைச் சுற்றியிருக்கும் ஊர்களில், பழனியப்பன் மகளுக்கு ஏதோ சீக்கு என்ற செய்தி பரவிவிட்டது. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அடுத்து வருகிற இடமும் தட்டிப்போனால் மாமா மகனுக்கே முடித்துவிடுவது என்று சொல்லிவிட்டார். மாமா மகன் தங்கமான மனிதர். ஆனால் போர்வெல் மோட்டாரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கல்யாணமானால் தாலிக்கயிற்றுக்குப் பதிலாக வைண்டிங் கம்பியைக் கட்டிவிடுவாரோ என்றிருந்தது. போதாக்குறைக்கு, பொம்பளை வேலைக்குப் போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாதாம்.

அடுத்து வந்ததுதான் கறம்பக்குடிப் பக்கத்து இடம். பெயர் முருகானந்தம், மாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். தன் சித்தப்பாவை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பில் கட்ட வந்தவர், குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்து, "இந்த ஓட்டைய இன்னுங் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாங்க, மொகமே தெரிய மாட்டேங்குது" என்றார். நான் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். அடுத்த மாதமே தரகர் வழியாகக் கேட்டு அனுப்பிவிட்டார்.

எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? எங்கள் பக்கம் பெண் பார்க்கும்போது பெரியப்பாவைக் கேட்பார்கள், தாய்மாமனைக் கேட்பார்கள், ஜாதகத்தைக் கேட்பார்கள், பல்லி சொல்வதைக்கூடக் கேட்பார்கள். பெண்ணை மட்டும் கேட்க மாட்டார்கள். பெண்ணின் வேலை மயங்கி விழாமல் இருப்பது. எனக்கு அதுதான் வராது.

இந்த நிலைமையில்தான் செல்போனில் ஒரு மூச்சுப் பயிற்சி வீடியோவைப் பிடித்தேன். நல்லெண்ணெய் ஊற்றுவது போன்ற குரலில் ஒருவர் பேசினார். நாலு எண்ணி மூச்சை இழுங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், எட்டு எண்ணி மெல்ல விடுங்கள், பயம் தானாகக் கரையும் என்றார். கூடவே, உங்கள் எண்ணங்களை வானத்தில் மிதக்கும் மேகங்களாகப் பாருங்கள் என்றார். (புதுக்கோட்டைக்காரியிடம் மேகத்தைப் பார்க்கச் சொன்னால் தியானமா வரும்? பெய்யுமா பெய்யாதா என்ற கவலைதான் வரும். அதோடு மாடியில் காயும் மிளகாய் வேறு.) மேகத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில், கவுன்டரில், குளியலறையில் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் இழுத்து விட்டேன். கொஞ்சம் பலனும் தெரிந்தது.

பெண் பார்ப்பதை ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் வைத்துக்கொண்டார்கள். கோயிலில் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டதாகக் கணக்கு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் மனக்கஷ்டமில்லை. நாங்கள் பட்டுச்சேலையும் தலை கொள்ளாத மல்லிகைப்பூவுமாகத் தற்செயலாகப் போனோம். அவர்கள் வேன் பிடித்துத் தற்செயலாக வந்தார்கள்.

அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள் என்பதில்தான் என் விதி இருந்தது. போய்ச் சேர்ந்து, கால் கழுவி, ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்து பயிற்சி செய்யலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். வேனிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நேரமில்லை. அரை மணி நேரத்து மூச்சை ஐந்து நிமிஷத்துக்குள் விட்டு முடித்தாக வேண்டும். சீக்கிரம் சீக்கிரமாக விட்டால் பயமும் சீக்கிரம் கரையும் என்று கணக்குப் போட்டேன். பில் கவுன்டரில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவள் போட்ட கணக்கு அது.

அன்றைக்குக் கோயிலில் வேறொரு குடும்பமும் இருந்தது. நேர்த்திக்கடனுக்குக் கிடா வெட்ட வந்தவர்கள். வெட்டுவதற்கு முன்னால் ஆத்தா யார் மேலாவது இறங்கி உத்தரவு கொடுக்க வேண்டும். வழக்கமாக ஆடுகிற பெரியவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். மேளக்காரர்கள் கை சலிக்க உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா இறங்குவதாக இல்லை. பெரியவருக்குக் கொட்டாவிதான் வந்துகொண்டிருந்தது.

நான் நாலு எண்ணி இழுத்தேன். உறுமியும் நாலு அடித்தது. எண்ணிக்கை மேளத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மேளம் வேகமானால் என் மூச்சும் வேகமாகிறது. நிறுத்திக்கொள்ள வழி தெரியவில்லை. புஸ்ஸு புஸ்ஸு என்று விடுகிறேன். கொஞ்ச நேரத்தில் உதட்டில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அப்புறம் கை மரத்தது. குனிந்து பார்த்தால் விரல்கள் தாமாகவே மடங்கி உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. விரிக்கிறேன், விரியவில்லை. ஐயோ, கை போச்சே என்ற பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு விட்டேன். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஏய், இங்கிட்டுப் பாருங்கப்பா! ஆத்தா இந்தப் புள்ள மேல எறங்கிட்டா!"

யார் கத்தினார்களோ, நன்றாக இருக்கட்டும். மேளக்காரர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மொத்தமாக என் பக்கம் திரும்பி உயிரைக் கொடுத்து அடித்தார்கள். யாரோ என் சடையை அவிழ்த்து விட்டார்கள் (விடியற்காலையிலிருந்து அம்மா பின்னியது). யாரோ மடங்கியிருந்த விரல்களுக்குள் வேப்பிலையைச் செருகினார்கள். அது கனகச்சிதமாகப் பொருந்தியது. அம்மா பக்கத்தில் வந்து, "அடியே, என்னடி பண்ற" என்று பல்லைக் கடித்தாள். என் விரல்களைப் பார்த்ததும் அவளே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என் வாழ்க்கையில் அப்பா எனக்குக் காட்டிய முதல் மரியாதை அதுதான்.

கிடா வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். வெட்டலாமா என்று கேட்டார்கள். தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. தங்களுக்கு வேண்டிய திசையில் ஆடியதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கிடா போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் மாம்பழ நிறச் சேலை கட்டிய ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முருகானந்தத்தின் அம்மா. மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். மேளம் நின்றதும் என் மூச்சும் மெல்ல ஒரு நிதானத்துக்கு வந்தது. தலை தெளிந்தது. இப்போது எழுந்து, எனக்கு ஒன்றுமில்லை, இது மூச்சுப் பயிற்சி என்று சொல்லிவிடலாம். சொன்னால் சீக்குக்காரி பட்டத்தோடு கிறுக்கி பட்டமும் சேரும். பொழுது சாய்வதற்குள் மாமா மகனுக்குத் தாம்பூலம் மாற்றிவிடுவார்கள்.

அந்த அம்மாள் கைகூப்பிக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஆத்தா, என் மகனுக்கு இந்தப் புள்ளைய எடுக்கலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு."

சுற்றிலும் பார்த்தேன். எங்கள் வீட்டார், அவர்கள் வீட்டார், கிடா வீட்டார், மேளக்காரர்கள் என்று கோயில் கொள்ளாத கூட்டம். ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் என்னிடம் பயம். அடேயப்பா, எதிரே இருப்பவர்கள் பயந்தால் நமக்கு எவ்வளவு தைரியம் வருகிறது! முருகானந்தம் மட்டும் பின்னால் நின்று, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடு" என்றேன். தொண்டை காய்ந்து கிடந்ததால் குரல் கட்டைக் குரலாக வந்தது. கூட்டம் சிலிர்த்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"வேற எதுவும் சொல்லணுமாத்தா?" என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டார்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பேராசை யாரை விட்டது?

"வேலைய விட்டு நிறுத்தாத" என்றேன். அதோடும் விட்டேனா? "பி.எஃப். போயிரும்" என்று ஒன்றைச் சேர்த்தேன்.

அப்பாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி, ஆத்தாளுக்குத் தெரியாதது உலகத்தில் என்ன இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நல்லவேளை, கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இனி ஆத்தாளை மலையேற்ற வேண்டும் அல்லவா? பூசாரி கொளுத்திய சூடத்தோடு வந்தார். அதை நாக்கில் வைத்து அணைத்தால்தான் சாமி மலையேறும். நெருப்பைப் பார்த்ததும், எங்கேயோ போயிருந்த என் பயமெல்லாம் முழுசாகத் திரும்பி வந்தது. நான் உடனே மயங்கி விழுந்தேன். என் வாழ்நாளில் நானாக முடிவெடுத்து மயங்கியது அந்த ஒரு தடவைதான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மூச்சை மிதமிஞ்சி வேகமாக விட்டால் விரல் இப்படி இழுத்துக்கொள்ளும், தெய்வத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். புருஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்றுவரை நான் கொஞ்சம் பலமாகப் பெருமூச்சு விட்டால் போதும், "வேப்பிலை ஒடிச்சிட்டு வரட்டுமா ஆத்தா" என்று வாசலுக்கு நடப்பார். புதுச் சேலை கேட்டால், "இது நீ கேக்குறியா, ஆத்தா கேக்குறாளா?" என்பார். மாமியாரிடம் மட்டும் நாங்கள் மூச்சுவிட்டதில்லை. பாவம், சாமி வாக்கு என்று நம்பி எடுத்தவர். என்னை வேலையை விடச் சொல்லி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

போன தை மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்து அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் உள்ளறையில் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நான் அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மதி, அன்னைக்குக் கோயில்ல ஒரு மூச்சு விட்டியே, அத இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

கரண்டி கை நழுவிக் கேசரிக்குள் விழுந்தது. உங்களுக்குத் தெரியுமா அத்தை என்றேன்.

"எந்த ஊரு ஆத்தாடி பி.எஃப். பத்திப் பேசுறா?"

தெரிந்துகொண்டேயா என்னிடம் உத்தரவு கேட்டீர்கள் என்றேன்.

"பின்ன? தூணுக்குப் பின்னால ஓடிப்போயி நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டத மொதல்லேயே பாத்துட்டேன். ஒன்கிட்ட நேரா கேட்டிருந்தா ஒங்கப்பால்ல பதில் சொல்லியிருப்பாரு. கட்டிக்கப் போறவ நீ. ஒரு வார்த்த ஒன் வாயால வரட்டுமேன்னுதான் கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கேசரிக்குள் கிடந்த கரண்டியை எடுத்துத் துடைத்தார். "என்னைய அப்படி யாரும் கேக்கல. கேட்டிருந்தா நான் வேற சொல்லியிருப்பேன்."

கூடத்தில் மாமனார் இருமினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, இங்கே மேளம் இல்லையே அத்தை, எப்படிச் சாமி வரும் என்று கேட்டேன். மாமியார் அதையும் யோசித்து வைத்திருந்தார். மேல் தட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

அதற்குள் கூடத்தில் நாத்தனாரின் குரல் கேட்டது. யாரும் கூப்பிடாமலே போய் நின்றிருக்கிறாள். "நான் மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம் தனியா பேசணும். பேசிட்டு நானே சொல்றேன்" என்றாள்.

தாம்பாளத்தைப் பிடித்தபடி நானும் மாமியாரும் அடுக்களை வாசலில் நின்றோம். மாமியார் மெதுவாக ஒரு பெரிய மூச்சு விட்டார்.