நாற்பது நிமிட வாசகர்

உலகம் இதுவரை கண்ட துறவிகள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு துறந்தவர்கள். புள்ளிவிவரம் பார்த்துத் துறந்தவர் நம் தலைமை எழுத்தர் ஒருவரே.

தினமும் காலை ஐந்து முதல் ஆறு வரை அவருக்குச் 'சுயகற்றல்' நேரம். முதல் அரைமணி எளிய வாழ்வு. அடுத்த அரைமணி இணையதளத் தரவுப் பகுப்பாய்வு. பாடம் நடத்துவதும் படிப்பதும் அவரே என்பதால் ஒருநாள்கூட ஃபெயில் ஆனதில்லை. தினம் ஒரு பொருளை வீட்டிலிருந்து வெளியேற்றுவார். அதைத் தம் தளத்தில் எழுதுவார். எத்தனை பேர் படித்தார்கள் என்று மூன்று திரைகளில் பார்ப்பார். எளிமைக்கு மூன்று திரை எதற்கு என்று கேட்பவர்கள் பாமரர்கள்.

முதலில் தம் பழைய பெல்ட்டைத் துறந்தார். இரண்டு பேர் படித்தார்கள். கிழிந்த குடையைத் துறந்தார். அதே இரண்டு பேர். மூன்றாம் நாள் மனைவியின் இஸ்திரிப் பெட்டியைத் துறந்ததும் திரையில் கோடு விருட்டென்று ஏறியது: முப்பத்தொரு வருகை! தரவு பேசிவிட்டால் மனிதன் வாய் திறக்கக் கூடாது. அன்றிலிருந்து தம் பொருள் எதையும் தொடுவதில்லை என்று கடும் விரதம் பூண்டார்.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அவளுடைய கத்தரிக்கோல் போனது, ஆளுயரக் கண்ணாடி போனது. ஒரு வாசகர் மட்டும் தினமும் ஆறு ஐந்துக்கு வந்து நாற்பது நிமிடம் தங்கினார்.

"ஒரு வரி விடாம படிக்கிறார். யாரோ பெரிய ஆத்மா," என்று மனைவியிடம் நெகிழ்ந்தார்.

"அந்த ஆத்மா நான்தாங்க. இன்னைக்கு என்னோடது எது போச்சுன்னு அதுல பாத்தாத்தானே தெரியுது. அக்காவுக்கும் துணி குடுத்தவங்களுக்கும் அனுப்பி, எங்கயாவது கண்ணுல பட்டுச்சான்னு கேப்பேன். கத்தரிக்கோல் இன்னும் கிடைக்கல."

"அப்ப அந்த முப்பத்தொரு பேர்?"

"அவங்கதான். நாளைக்கு எது?"

"தையல் மெஷின். படம்கூட எடுத்துட்டேன்."

"அது என் பொழப்பு. அதுல கை வெச்சீங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேன்."

தலைமை எழுத்தர் அவசரப்படுகிறவர் அல்ல. 'நாளை தையல் மெஷின்' என்று முன்னறிவிப்பு வெளியிட்டு மக்கள் மனதை அறிந்தார். நூற்றுப் பன்னிரண்டு வருகை. வந்தவர்களில் பாதிப்பேர் "வேண்டாம் சார்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியிருப்பதைப் படிப்பது பகுப்பாய்வில் சேராது.

விடிந்ததும் அக்கா வண்டியோடு வந்தாள். மெஷினை அக்காவும் தங்கையுமாகத் தூக்கி ஏற்றினார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்த மனைவிக்குக் கண் கலங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவாள் போலத்தான் இருந்தாள்.

"ஏம்மா..." அவர் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க."

"அங்க போயும் தினம் ஆறு அஞ்சுக்கு நாப்பது நிமிஷம் நம்ம தளத்தைத் திறந்து வெச்சுடறியா?"

வண்டி போய்விட்டது. அவர் உள்ளே வந்து, அறை அறையாகச் சுற்றிப் பார்த்து, அன்றைய சுயகற்றல் குறிப்பை எழுதினார்: 'வீட்டில் தேவையற்ற பொருள் இனி ஒன்றுமில்லை.'

வாஸ்தவம்தான். மிச்சமிருந்தவையெல்லாம் அவருடையவை.